பிலாத்துக்கு வந்த அவசரம்

அன்புள்ள மகள் ஷெரினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. தாளின் தலையில் சிலுவை போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன், அதனால் கீழே வருவதெல்லாம் சத்தியம் என்று வைத்துக்கொள். இங்கே நானும் அம்மாவும் சுகம், இந்தத் தடவை அதற்கு ஆஸ்பத்திரி சீல் போட்ட அத்தாட்சியும் இருக்கிறது. அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாதா துணையிருக்கட்டும். முதலில் மானம் போன விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு நிம்மதியாக மற்றதை எழுதலாம். இந்த வருஷம் நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பிலாத்து தீர்ப்பைச் சொல்லாமலே கிரீடமும் சிவப்பு அங்கியுமாக மேடையை விட்டு ஓடிப்போனார் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பிலாத்து நான்தான். ஓடியது வயிற்றுவலியாலும் இல்லை, வசனம் மறந்ததாலும் இல்லை, மூத்திரம் முட்டியதால். அன்புச்செல்வி அத்தை, கூடப் பிறந்தவள் என்கிற மரியாதைக்காக, அண்ணனுக்குத் தலை சுற்றிவிட்டது என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த மரியாதை அப்படியே வளர்ந்து வளர்ந்து, எனக்குத் தலைக்குள் கட்டி என்று நீ நம்புகிற வரைக்கும் வந்து நிற்கிறது. போனில் சொல்லிப் பார்த்தேன், "நான் கவலைப்படக் கூடாதுன்னு மறைக்கிறீங்க" என்று நீ அழுதாய், ஸ்பீக்கரில் இருந்ததால் தெருவுக்கே கேட்டது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், அதில் நல்லதை மட்டும் அனுப்பியிருப்பீர்கள் என்றாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் நாலு வார்த்தை பொய் யாரும் சொல்லலாம், இத்தனை பக்கத்துக்குப் பொய் சொல்ல உன் அப்பனுக்குச் சரக்குப் போதாது. புரொபேஷன் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது வேலையை விட்டுவிட்டு வருவதற்கு நீ ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாயாம், பக்கத்து வீட்டு லியோன் லீவு முடிந்து அங்கே திரும்பி வந்து நேரில் சொல்லும்வரை அதைக் கொடுப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்கும் கொடுத்திருக்கிறாயாம். லியோன் கையில்தான் இது வருகிறது. இதைப் படித்து முடித்த பிறகும் கொடுக்கத் தோன்றினால் கொடு.

கதை உன்னிடமிருந்துதான் தொடங்குகிறது. குற்றம் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறேன். போன வருஷம் கிட்னியில் கல் வந்து, கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நானும் பிரிந்து கிடந்தேனே, அப்போது டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நீ உடனே அங்கிருந்து ஒரு பாட்டில் அனுப்பினாய். பாட்டில் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சின்னதாக ஒரு பால் கேன் அது. பக்கவாட்டில் கோடு கோடாகப் போட்டு, இந்த நேரத்துக்குள் இந்தக் கோடு வரை குடிக்க வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பாராட்டும் அச்சடித்திருந்தார்கள். ஒரு கோட்டில் குட் ஜாப், அடுத்த கோட்டில் கீப் கோயிங், அடிக்குப் போனால் யூ டிட் இட். நான் இலுப்பூரில் இத்தனை வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறேன், ஒரு கஸ்டமர் குட் ஜாப் என்று சொன்னது கிடையாது, ஓடுகிறவரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போவார்கள். இந்தப் பாட்டில் மடக்குக்கு ஒரு தடவை பாராட்டியது. நான் விழுந்துவிட்டேன். முதலில் நாளுக்கு அதில் ஒன்று குடித்தேன். பிறகு யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பேசுகிற வீடியோ வந்தது, உடம்பில் உள்ள அழுக்கெல்லாம் தண்ணீரில்தான் கழுவிப் போகும், குடிக்கக் குடிக்க இளமை என்றார். நான் இரண்டாவதாக நிரப்பினேன். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவதுக்கு வந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் வேறு. கல் கரைந்ததோ இல்லையோ, கடைக்கும் பின்னால் இருக்கிற கழிப்பறைக்கும் நடுவே நடந்து நடந்து செருப்புக் கரைந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கிற இருளாயி அக்கா ஒருநாள், "என்ன மோட்டார்க்காரரே, ஒடம்புக்குள்ள போர் போட்டு வச்சிருக்கீங்களா, நிக்காம ஓடுது" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டார். அதோடு பஸ் பயணம் போயிற்று. இலுப்பூரில் ஏறினால் புதுக்கோட்டை வரைக்கும் உட்கார முடியாது, நடுவில் எங்காவது இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். அந்த ரோட்டில் இருக்கிற கருவேலமரங்களில் பாதிக்கு என்னை அடையாளம் தெரியும். ராத்திரித் தூக்கமும் போயிற்று, பகலில் தலைவலி, நடந்தால் லேசாக மிதக்கிற மாதிரி. தலைவலிக்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

இதில் உன் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் இன்னொரு பாதி அவள்தான். நான் ஏரி என்றால் உன் அம்மா வேளாங்கண்ணி பொட்டல். காலையில் காப்பி, மதியம் ரசத்தில் இருக்கிற தண்ணீர், அவ்வளவுதான் அவளுடைய பாசனம். காரணம் கேட்டால், அவள் பாடம் நடத்துகிற ஸ்கூலில் பாத்ரூம் சாவி ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஆணியில் தொங்குகிறது, சாவியை எடுக்கப் போனால் அந்தம்மா தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், கேட்டு முடித்து வெளியே வருவதற்குள் அடுத்த பீரியட் மணி அடித்துவிடும். அதனால் குடிக்காமலே இருந்துவிடுவது லாபம் என்று முடிவு கட்டியிருக்கிறாள். அந்த மருமகள் கதை எனக்கும் முழுசாகத் தெரியும், மிக்ஸி ஜாரில் தொடங்கியது, இப்போது தனிக்குடித்தனத்தில் நிற்கிறது, நீ வரும்போது சொல்கிறேன். வீட்டில் நான் பாட்டிலைத் தூக்கும்போதெல்லாம் அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவள் வெறும் வாயோடு ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நான் அவளை ஒரு பார்வை பார்ப்பேன். யார் பைத்தியம் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

பாஸ்காவுக்கு வருகிறேன். என் தொப்பைக்கும் கட்டைக் குரலுக்கும் பிலாத்து வேஷத்தைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது என்று கோயில் பங்கில் எப்போதோ முடிவாகிவிட்டது, அது உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருஷம் இடுப்பில் அட்டைக்கு ஜிகினா ஒட்டி அகலமாக ஒரு கச்சை, அதை நம் மரியசெல்வம், ஆர்மோனியம் வாசிக்கிறவர், இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டுவதற்கு முன்னால் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தேன், கீப் கோயிங் என்றது, முடித்துவிட்டேன். ஆவூரிலிருந்து உன் அம்மாவின் சித்தி குடும்பமெல்லாம் முன்வரிசையில். இயேசுவாக நம் செம்மல், கையைக் கட்டி, முள்முடி வைத்து, பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வருகிற மாதிரி நிற்கிறான். தலைமைக் குரு காய்பாவும் ஆட்களும் கத்துகிறார்கள். அந்த இடத்தில் நான் கையை நீட்ட வேண்டும், வேலைக்காரனாக வருகிற லியோன் செம்பைச் சாய்க்க வேண்டும், கீழே தாம்பாளத்தில் தண்ணீர் விழ வேண்டும், இவருடைய இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வேண்டும், அப்புறம் தீர்ப்பு. நானும் அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். லியோன் செம்பைச் சாய்த்தான். சளசளவென்று அந்தத் தண்ணீர்ச் சத்தம் இருக்கிறதே, அது காதில் விழுந்ததுதான் தாமதம், ஏரி மதகைத் திறந்த மாதிரி அடிவயிற்றில் ஒரு இழுப்பு. நீட்டின கையை மடக்கக்கூட இல்லை, அப்படியே ஓடினேன். அந்தச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் தீர்ப்பைச் சொல்லும்வரை தாக்குப்பிடித்திருப்பேன் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னேன். செம்மல் முள்முடியோடு திரும்பி, "மாமா, எனக்கு ஒரு முடிவச் சொல்லிட்டுப் போங்க" என்று முனகியது மைக்கில் கேட்டிருக்கிறது. காய்பாவாக நின்ற ரேஷன் கடைக்காரர் சமாளிக்கத் தெரிந்தவர், ஆளுநர் அவசர ஆலோசனைக்குச் சென்றிருக்கிறார் என்று அறிவித்தார். மரியசெல்வம் தவக்காலப் பாட்டு ஒன்றை எடுத்து இழுத்தார், இழுத்தார், முடிகிற வழியைக் காணோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பிலாத்தே பயந்து ஓடிட்டாரு, அவர விட்ருங்கப்பா" என்றதாம். கொஞ்ச நேரம் கூட்டமே அதை யோசித்ததாம். நான் பின்னாலிருந்த குழாயில் கையைக் கழுவிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து தீர்ப்புச் சொன்னேன். நான் நடித்த இத்தனை வருஷத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னது இந்த வருஷம்தான். பங்குச் சாமியார் மறுநாள் பூசை முடிந்து, "இந்தத் தடவை ஒங்க நடிப்புல ஒரு உள் போராட்டம் தெரிஞ்சுச்சு" என்றார். தோத்திரம் சாமி என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன்.

ஊர் சிரித்தது, அன்புச்செல்வி சிரிக்கவில்லை. அவள் மாமியார் சுகரில் போனவர், அதனால் யாராவது இரண்டு தடவை பாத்ரூம் போனாலே அவளுக்குச் சுகர்தான். "அண்ணே, இது அதேதான், தாகம், மூத்திரம், தலைசுத்து, எல்லாம் எங்க மாமியாருக்கு வந்த வரிசை" என்று புதுக்கோட்டைக்கு இழுத்துப்போனாள். சுகர் பார்த்தார்கள், வெறும் வயிற்றிலும் சரி, சாப்பிட்ட பிறகும் சரி, பள்ளிக்கூடப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. நான் எழுந்து நடையைக் கட்டியிருப்பேன், டாக்டர் விடவில்லை. டயாபட்டீஸில் சர்க்கரையே இல்லாத வகை ஒன்று உண்டு, பழைய பெயர் டயாபட்டீஸ் இன்சிபிடஸ், இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள், அதுவும் இப்படித்தான் இருக்கும் என்றார். அன்புச்செல்வி, "சுகர் இல்லாத சுகரா, டீக்கடையில கேக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள். டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். உடம்பில் தண்ணீரை நிறுத்தி வைக்க மூளை ஒரு ஹார்மோன் அனுப்புமாம், மூளைக்கு அடியில் தொங்குகிற பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி வழியாக. அது வராவிட்டால் குடிப்பதெல்லாம் அப்படியே வெளியே ஓடிவிடும், ஓடுவதால் தாகம், தாகத்தால் குடிப்பது. அதனால் நான் நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறதா, நிறையப் போவதால் நிறையக் குடிக்கிறேனா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், திருச்சியில் அதற்கென்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, ஹார்மோன்தான் குறைவு என்று தெரிந்தால் அந்தச் சுரப்பியை ஏதாவது அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. திரும்புகிற பஸ்ஸில் அத்தை போனை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று தொடங்கியது, டோல்கேட் வரும்போது தலைக்குள் அழுத்துகிறது என்று ஆனது, இலுப்பூர் வருவதற்குள் கட்டியாகிவிட்டது. நான் எங்கே தடுப்பது, நடுவில் கருவேலங்காட்டில் இறங்கியிருந்தேன். உனக்கு வந்தது அந்தப் பஸ்ஸின் கடைசி ஸ்டாப். ஊருக்குள் வேறு விதமாகப் பரவியது. அண்ணனுக்கு ஹார்மோன் கோளாறு என்று அத்தை சொன்னது நாலு வீடு தாண்டும்போது ஆர்மோனியம் கோளாறு ஆகிவிட்டது. மரியசெல்வம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெட்டியில ஒரு கட்டை கொஞ்சம் அமுங்கிக் கெடக்கு, ஒத்துக்கிறேன். அதுக்கு ஒங்க ஒடம்பு கெட்டுச்சுன்னு சொன்னா எப்படிங்க" என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். டெஸ்ட் என்பது வேறொன்றுமில்லை, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தராமல் உட்கார வைத்து, மணிக்கொரு தடவை எடை பார்த்து, மூத்திரத்தை அளந்து, நடுநடுவே ரத்தமும் எடுத்து, உடம்பு தண்ணீரை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஹார்மோன் வேலை செய்தால் நேரம் போகப் போக அளவு குறைந்து நிறம் ஏற வேண்டும். வேலை செய்யாவிட்டால் குடிக்காமல் இருந்தாலும் வெள்ளையாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் வற்றிப்போவான், அதனால்தான் பக்கத்தில் ஆள் வைத்துச் செய்கிறார்கள், வீட்டில் யாரும் இதை முயற்சி செய்யக் கூடாது என்றார்கள். அம்மா லீவு போட்டுவிட்டு, திருத்த வேண்டிய பேப்பர் கட்டோடு எனக்குக் காவல் உட்கார்ந்தாள். நர்ஸ் பெண் என் பாட்டிலை வாங்கிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டது. வாய் கொப்பளிக்கலாமா என்று கேட்டேன், "ஐயா, கொப்பளிக்கிறேன்னு போன ஆளுங்க எத்தன பேரு முழுங்கியிருக்காங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்று கதவுக்கு நடுவில் நின்றுகொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு செம்பருத்திச் செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். முதல் தடவை கொடுத்தது குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் கிட்டத்தட்ட அப்படியே. அம்மா பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டாள். சிவப்புப் பேனாவை மூடி, பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள், என் முன்னால் எடுக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் உள்ளேயே போட்டு, பைக்குள் கையை விட்டபடியே உருட்டினாள். ஜூனியர் டாக்டர் வந்து எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன் என்று எழுதினால் நீ அழுவாய், அதனால் மதியச் சாப்பாட்டை நினைத்தேன் என்று எழுதுகிறேன். சாயங்காலம் ஆவதற்குள் வருகிற அளவு குறைந்தது. அதற்கப்புறம் வந்தது நன்றாக மஞ்சள் ஏறிய நிறம். நான் டப்பாவை நர்ஸிடம் நீட்டும்போது அம்மா எட்டிப் பார்த்தாள், முப்பது வருஷமாக என்னை ஒரு தடவை பாராட்டாத மனுஷி, "இப்பத்தாங்க மனுசன் மூத்திரம் மாதிரி இருக்கு" என்றாள். பாட்டில் அச்சடித்து வைத்திருந்த எல்லாக் குட் ஜாப்பையும் விட அது எனக்கு இனித்தது. தாகத்தினாலும் இருக்கலாம்.

ஹார்மோன் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் என் தொழிலைச் சொல்லி, ஓவர்ஹெட் டேங்க் நிறைந்தால் மோட்டாரை ஆஃப் செய்கிற கருவி மாதிரியா இந்த ஹார்மோன் என்று கேட்டேன், புத்திசாலி என்று சொல்வார் என்று எதிர்பார்த்து. இல்லை என்றார். மோட்டார் பக்கம் இருப்பது தாகம், உள்ளே எவ்வளவு இழுப்பது என்பது அதன் வேலை. ஹார்மோன் இருப்பது வெளியே போகிற பக்கம், கேட் வால்வ். அதன் பெயர் வாசோபிரெசின். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தம் கொஞ்சம் கெட்டியாகும், மூளை அதைக் கண்டுபிடித்து வாசோபிரெசினை அனுப்பும், கிட்னி வால்வை மூடித் தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுக்கும், மூத்திரம் கொஞ்சமாக, அடர்த்தியாகப் போகும். தண்ணீர் கூடினால் அனுப்புவது நிற்கும், வால்வ் திறக்கும், வெள்ளையாக ஓடும். "ஒங்களுக்கு வால்வ் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் மோட்டார ஆஃப் பண்றதே இல்ல. தாகத்துக்குக் குடிக்கல, கோட்டுக்குக் குடிச்சிருக்கீங்க" என்றார். மாதக்கணக்கில் அப்படிக் குடித்ததில் அந்த ஹார்மோன் வேலையில்லாமல் லீவில் போய்விட்டது, அதனால்தான் முதல் சில மணி நேரம் மெதுவாக எழுந்து வந்தது, மூட மறந்த வால்வு துருவேறி நின்ற மாதிரி. எழுந்து வந்ததே போதும், சுரப்பி சரியாக இருக்கிறது, ஸ்கேன் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவலிக்கும் மிதப்புக்கும் காரணம், ரத்தத்தில் உப்பு கொஞ்சம் கீழே போயிருந்தது. கிட்னி வெளியேற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் ஊற்றினால் தண்ணீர் உள்ளே தங்கி உப்பை நீர்க்க வைத்துவிடும், ரொம்பப் போனால் வலிப்பு வந்து ஆளையே சாய்க்கும், விளையாட்டில்லை என்று அந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். உப்பைப் பிடித்து வைக்க வேறொரு ஹார்மோன் இருக்கிறதாம். ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது அன்புச்செல்வி, "இன்னொரு ஆர்மோனியமா" என்றாள். அவளும் சேர்ந்துவிட்டாள்.

பிறகு டாக்டர் அம்மாவைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு குடிப்பீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். அம்மா காப்பியையும் ரசத்தையும் சொன்னாள், சாவியைச் சொன்னாள், நல்லவேளை மருமகளைச் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவருக்கு வேலையில்லாம கெடந்த ஹார்மோன் ஒங்களுக்கு ரெண்டு ஷிப்ட் பாத்துக்கிட்டிருக்கு. ஒங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலந்து ரெண்டாப் பிரிச்சா சரியா இருக்கும்" என்றார். வருஷக்கணக்கில் இப்படி உடம்பை வற்றவிட்டுக்கொண்டே இருந்தால் அந்த ஹார்மோன் எப்போதும் ஏறியே நிற்கும், கல்லுக்கும் கிட்னிக்கும் நல்லதில்லை, வேறு சில வியாதிகளோடும் அதற்குச் சம்பந்தம் இருக்குமோ என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். அளவு என்று எழுதித் தரச் சொன்னோம், எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது, வெயில், வேலை, உடம்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும், கல் வந்தவன் என்பதால் நான் தாகத்துக்கு மேல் கொஞ்சம், மூத்திரம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், தண்ணீர் மாதிரி இருந்தால் நான் நிறுத்த வேண்டும், அடர் மஞ்சளாக இருந்தால் அம்மா தண்ணீர் குடிக்க வேண்டும். இப்போது வீட்டில் காலையில் நிறம் கேட்டுக்கொள்வதுதான் எங்கள் குசலம் விசாரிப்பு. அம்மா ஸ்டாஃப் ரூமில் பேசி சாவிக்கு ஒரு நகல் போட்டுவிட்டாள், ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கொஞ்சம் வருத்தம், கேட்க ஆள் இல்லை. உன் பாட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் அதில் பாதிதான் நிரப்புகிறாள், யூ டிட் இட் வரைக்கும் போவதில்லை, பாராட்டு அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. என் தலைவலி நின்றுவிட்டது, இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, ராத்திரி ஒரே மூச்சாகத் தூங்குகிறேன், போன வாரம் இலுப்பூரில் ஏறிப் புதுக்கோட்டையில்தான் இறங்கினேன், கண்டக்டருக்கே நம்பிக்கை வரவில்லை.

மற்றபடி ஊர்ச் செய்தி என்று பெரிதாக இல்லை. ஆலங்குடி மாமா வீட்டில் இந்த வருஷம் பலா நல்ல காய்ப்பு, ஒன்றை முழுசாக உனக்கு அனுப்பலாமா என்று கேட்டார், லியோன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டான், அதனால் முந்திரிப் பருப்பு மட்டும் வருகிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, போரிலெல்லாம் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் மோட்டார் காற்றை இழுத்து எரிகிறது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டேன், இருளாயி அக்கா கடையில் டீ வியாபாரம் கூடியிருக்கிறது. உன்னைப் பற்றியும் ஒன்று. அம்மாவிடம் நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அங்கே ஏசி அறையில் உட்கார்ந்தால் தாகமே தெரிவதில்லை, எழுந்து போனால் சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று மத்தியானம் வரைக்கும் குடிப்பதில்லை, மூத்திரம் போகும்போது எரிச்சலாக இருக்கிறது என்றாய். அப்பனுக்குப் பாட்டில் அனுப்பிவிட்டு நீ அம்மா கட்சியில் இருக்கிறாய். மேஜையில் ஒரு டம்ளர் வை, சூப்பர்வைசர் பார்த்தால் பார்க்கட்டும், எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டு, என்னைப் போல வீடியோவிடம் காட்டாதே. ராஜினாமாவைப் பற்றி நான் முடிவு சொல்லப் போவதில்லை, தீர்ப்புச் சொல்வதில் என் பேர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஆனால் அந்த வேலைக்கு நீ எத்தனை இன்டர்வியூ ஏறி இறங்கினாய் என்பதும், எனக்காக அதை விட்டுவிட்டு வந்து இறங்கினால் நான் வாசலில் நின்று வெறும் தண்ணீர்தான் பாப்பா, வேறொன்றுமில்லை என்று சொல்ல வேண்டிவரும் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கட்டும். கன்ஃபர்ம் ஆகி, முறையாக லீவு வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வா. அப்போது மரியசெல்வத்தின் அமுங்கின கட்டையையும் சரிபண்ணியிருப்பார்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிடாதே, முந்திரியை அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. அத்தைக்கு ஒரு போன் போட்டு, கட்டி இல்லை என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டாள். பெரியநாயகி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் அப்பாவும் அம்மாவும் இங்கிருந்தே சிலுவை போடுகிறோம்.

இப்படிக்கு,
தலைக்குள் ஒன்றுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உன் அப்பா,
சந்தனராஜ்

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது லியோன் கவரை வாங்க வந்தான். அந்தச் செம்புத் தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி எழுதியிருப்பதை அவனுக்குப் படித்துக் காட்டினேன், சாட்சிக்கு ஆள் இருக்கட்டும் என்று. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "பெரியப்பா, ஒங்ககிட்ட சொல்ல மறந்தே போச்சு. வயர் நனையும்னு மைக்செட்காரரு இந்த வருசம் தண்ணி ஊத்த வேணாம், சும்மா சாச்சாப் போதும்னுட்டாரு. நான் கொண்டு வந்தது வெறுஞ் செம்புதான்" என்றான்.